சிட் பாரெட் 1968-லேயே போய்விட்டார்; அப்புறமும் பிங்க் ஃப்ளாய்ட் பாட்டுகளில் அவர் எப்படி இருக்கிறார்?

அரவிந்தன்_கோவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக என் ஹெட்போனில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு தவிர வேறு எதுவும் ஓடவில்லை. ஹாஸ்டலில் என் அறைத்தோழன் ஒரு ராத்திரி ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தைப் போட்டுவிட்டான். முதல் பாட்டில் யாராவது வாயைத் திறந்து பாடவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அந்தப் பாட்டு, ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’, குழுவிலிருந்து விலகிய சிட் பாரெட்டை நினைத்து எழுதியது என்று பிறகுதான் தெரிந்தது. சரி, அவர் எப்படித்தான் வாசித்திருப்பார் என்று 1967-இல் வந்த முதல் ஆல்பத்தைத் தேடிப் போட்டேன். குழம்பிவிட்டேன். குள்ளபூதம், சோளக்கொல்லை பொம்மை, சைக்கிள் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் கதை மாதிரி இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடப் பாட்டு. பின்னால் வந்த பிங்க் ஃப்ளாய்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் கேள்வி இதுதான். ஒரே ஒரு ஆல்பத்தில் மட்டும் முழுதாக இருந்த ஒருவருடைய பாதிப்பு பின்னால் வந்த இசையில் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லை, மனநிலை கெட்டுப்போன நண்பன் மேல் இருந்த அனுதாபம் மட்டும்தானா? வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மலைக்கோட்டை_கிடார் எழுதியது:

அரவிந்தன் தம்பி, சிட் வாசித்த மாதிரி பின்னால் அந்தக் குழுவில் யாரும் வாசிக்கவில்லை. அவருடைய பாணியைத் தேடினால் உங்களுக்குக் கிடைக்காது. அவர் போனதால் விழுந்த பள்ளத்தைச் சுற்றித்தான் அவர்கள் வீடு கட்டினார்கள். நான் முப்பது வருடமாகக் கேட்டுப் புரிந்துகொண்டது இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் ஆல்பத்தில் 11 பாட்டு. அதில் 8 பாட்டு சிட் தனியாக எழுதியது. பேஸ் கிடார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது ஒன்றே ஒன்று. மீதி இரண்டும் குழுவாகச் சேர்ந்து செய்தவை. குழுவுக்குப் பெயர் வைத்ததும் சிட்தான்: பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு ப்ளூஸ் கலைஞர்களின் பெயரைச் சேர்த்து. பாடுவது, கிடார், பாட்டு எழுதுவது எல்லாம் அவர் தலையில். அப்போது அவருக்கு வயது 21. அப்படிப்பட்ட ஆள் அந்த வருடக் கடைசியில் மேடையில் கிடாரைப் பிடித்துக்கொண்டு வாசிக்காமல் நிற்கிறார். தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிடுகிறார். அமெரிக்கப் பயணத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கிறார். எல்எஸ்டி என்ற போதைமருந்தை நிறைய எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோரும் சொல்வது. திடீரென்று வந்து விழுந்த புகழ், ஓயாத கச்சேரிப் பயணம், இவையும் சேர்ந்து ஆளை உடைத்தன என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் டேவிட் கில்மோரைக் கூப்பிடுகிறார்கள். கில்மோர் யாரோ ஒரு வெளி ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் சிட்டோடு ஒரே கல்லூரியில் படித்து, இருவரும் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து கிடார் பழகியவர்கள். 1965-இல் தெற்கு பிரான்ஸ் பக்கம் தெருவோரம் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். அந்த நண்பன் இடத்தில் நின்று, அவன் எழுதிய பாட்டைப் பாடி, அவன் வாசித்த கிடாரை வாசிக்க வேண்டும். 1968 ஜனவரியில் கொஞ்ச நாள் ஐந்து பேராக மேடை ஏறினார்கள். அப்புறம் அந்த மாதக் கடைசியில் சவுத்தாம்ப்டனில் ஒரு கச்சேரி. வண்டியில் போகும்போது சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் விடு என்று இன்னொருவர் சொல்ல, வண்டி அப்படியே போய்விட்டது. சண்டை போடவில்லை, முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. ஏப்ரலில்தான் முறையாக அறிவித்தார்கள்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருச்சியில் 1980-களின் கடைசியில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசித்தேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று மாதம் எட்டு பத்து கச்சேரி. எங்கள் கீபோர்டுக்காரன்தான் குழுவுக்கு மூளை. பெயர் வேண்டாம். சினிமாப் பாட்டின் இன்டர்லூடை இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவான். கச்சேரி தொடங்கும்போது வாசிக்க ஒரு டைட்டில் மியூசிக்கும் அவனே போட்டான், மூன்று நிமிடம். ஒரு கட்டத்தில் அவனுக்கு என்னவோ ஆனது. பாட்டு நடுவில் ஒரு கார்டைப் பிடித்தால் விடமாட்டான். பாட்டு சரணத்துக்குப் போயிருக்கும், அவன் பல்லவியிலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பான். பாடகிக்குச் சுருதி போய்விடும். முன்வரிசையில் சிரிப்பார்கள். நாங்கள் திட்டினோம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம், ஒன்றும் நடக்கவில்லை. கரூரில் ஒரு ரிசப்ஷனுக்குப் போன நாள், எங்கள் மெட்டடார் வேன் வழக்கமாகத் திரும்பும் அவன் தெரு முனையில் திரும்பவில்லை. “கீபோர்டு அண்ணனை ஏத்தலையா?” என்று டிரைவர் கேட்டார். வேனில் ஏழு பேர் இருந்தோம். யாரும் பதில் சொல்லவில்லை.

அவனுக்குப் பதில் வேறு ஆள் வந்தார், நன்றாகவே வாசித்தார். ஆனால் அவன் போட்ட டைட்டில் மியூசிக்கை மட்டும் நாங்கள் மாற்றவே இல்லை. குழு கலையும் வரைக்கும், பதினோரு வருடம், ஒவ்வொரு கச்சேரியும் அதில்தான் தொடங்கியது. அதற்காக அவனுக்கு ஒரு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். சிட் போனதும் குழுவின் மேலாளர்களாக இருந்த பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் அவர் பக்கம் போய்விட்டார்கள். பாட்டு எழுதுகிற ஆளே போன பிறகு இந்த நாலு பேரிடம் என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அப்போதைக்கு அது நியாயமான கணக்குதான். இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’, கிட்டத்தட்ட 12 நிமிடம். வாட்டர்ஸும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் கட்டடக்கலை படித்தவர்கள். அந்தப் பாட்டை ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போடுவது போலக் காகிதத்தில் ஏற்ற இறக்கமாக வரைந்து, அதைப் பார்த்து உருவாக்கினார்கள். மூன்று நிமிடத்தில் மெட்டும் கதையும் சொல்லத் தெரிந்தவன் போய்விட்டான், அதனால் நேரத்தை வைத்துக் கட்டினார்கள். உங்களை எட்டு நிமிடம் அசையாமல் உட்காரவைத்த அந்தப் பொறுமை அங்கே பிறந்தது. 1971-இல் ‘எக்கோஸ்’ ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க, 23 நிமிடம் ஓடுகிறது.

நேரடியாகக் கைமாறிய ஒன்றும் உண்டு. பின்சன் எக்கோரெக் என்று இத்தாலியில் செய்த ஓர் எதிரொலிப் பெட்டி. உள்ளே காந்தத் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், வாசித்தது திரும்பத் திரும்பத் தேய்ந்து கேட்கும். சிட் அதைப் போட்டுக்கொண்டு, சிகரெட் லைட்டரைத் தந்தி மேல் இழுத்து விண்வெளிச் சத்தம் எழுப்புவார். கில்மோரும் அதே பெட்டியைப் பல வருடம் பயன்படுத்தினார். ஆனால் கை வேறு. சிட் எதிரொலியை வைத்து இடத்தை நிரப்பினார். கில்மோர் ஒரு ஸ்வரத்தை வளைத்து நிறுத்திவிட்டு, அது தேயும் வரை காத்திருப்பார்.

இப்போது உங்கள் ‘ஷைன் ஆன்’. நான்காவது நிமிடம் நெருங்கும்போது எல்லாம் அடங்கி, கிடாரில் நாலே நாலு ஸ்வரம் வரும்: பி ஃபிளாட், எஃப், ஜி, இ. 1974-இல் ஒத்திகையின்போது கில்மோர் கையில் தற்செயலாக வந்தது அது. அதைக் கேட்டுத்தான் வாட்டர்ஸுக்கு சிட்டைப் பற்றிய வரிகள் வந்தன. ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: க, நி, ச, த. சோகமான பாட்டு, ‘க’ சின்ன காந்தாரமாக வந்துவிட்டது, அப்படியென்றால் ‘த’, அதாவது தைவதமும் சின்னதாகத்தான் வரும், நடபைரவி ராகம் போல இறங்கும் என்று காது தயாராக இருக்கும். வருவது பெரிய தைவதம், கரகரப்பிரியாவின் தைவதம். அங்கே அழுகை முடியாமல் கேள்வியாக நிற்கிறது. ஆள் செத்துப் போகவில்லையே, எங்கோ உயிரோடு இருக்கிறான், ஆனால் இல்லை. அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்வரம் எனக்குத் தெரியவில்லை.

நான் அந்த கேசட்டை முதலில் கேட்டது 1993-இல், சிங்கப்பூரிலிருந்து வந்த என் மாமா பையன் கொண்டுவந்தது. சிட் பாரெட் யார் என்றே அப்போது தெரியாது. அந்த நாலு ஸ்வரத்தில் கரூர் ரோடு நினைவுக்கு வந்தது.

சுமதி_செவிலியர் எழுதியது:

மலைக்கோட்டை அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் மனநலப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சிட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், பைத்தியத்தால்தான் மேதை ஆனார் என்பது போல எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். நன்றாக இருந்தபோதுதான் அவர் எழுதினார். உடம்பும் மனசும் கெட்ட பிறகு எழுத முடியாமல் போனது. வெளியிலிருந்து பார்த்து இது இன்ன நோய் என்று பெயர் ஒட்டுவதும் வேண்டாம். அவருக்குப் 15 வயதில் அப்பா இறந்துபோனார், அதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’ என்று இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இருக்கிறது, அந்த ஆல்பத்தில் சிட் எழுதியது அது ஒன்றுதான். தன்னைச் சுற்றி இருப்பவர்கள் தன்னை இல்லாதவனாக நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அமைதியாக அதைச் சொல்கிற பாட்டு. நடுவில் சால்வேஷன் ஆர்மி பித்தளை வாத்தியக் குழு ஒன்று புகுந்து வாசிக்கும். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் வார்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். நாம்தான் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ரெக்கார்டு_பெட்டி எழுதியது:

மலைக்கோட்டை சார் சொன்னது மனதைத் தொட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் சிட் கணக்கில் எழுதிவிட எனக்குச் சம்மதமில்லை. ‘ஷைன் ஆன்’ பற்றி வாட்டர்ஸே பின்னால் பேசும்போது, அது உண்மையில் சிட்டைப் பற்றியது மட்டுமில்லை, தாங்க முடியாமல் மனிதர்கள் தங்களுக்குள்ளே ஒளிந்துகொள்வதற்கு அவர் ஓர் அடையாளம் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். 1977-இல் வந்த ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் சிட் எங்கே? 1983-இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ முழுக்கப் போரும் வாட்டர்ஸின் அப்பாவும்தான். ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்திலேயே நடுவில் இரண்டு பாட்டு ரெக்கார்டு வியாபாரத்தைப் பற்றியது.

மலைக்கோட்டை_கிடார் எழுதியது:

சுமதி, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’ பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். “அவனுக்கு எதுவும் புரியவில்லை” என்று சொல்லித்தான் நாங்களும் எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

ரெக்கார்டு பெட்டி நண்பரே, ‘அனிமல்ஸ்’ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே சிட் இல்லை. ‘தி ஃபைனல் கட்’டிலும் இல்லை. ஆனால் வாட்டர்ஸின் அப்பாவை நீங்கள் இழுத்ததால் சொல்கிறேன். 1944-இல் இத்தாலியின் ஆன்சியோவில் அவர் போரில் இறந்தபோது ரோஜர் கைக்குழந்தை. முகமே பார்க்காத அப்பா ஒரு பக்கம், கண்ணெதிரே காணாமல் போன நண்பன் இன்னொரு பக்கம். 1979-இல் வந்த ‘தி வால்’ ஆல்பத்தை எழுதும்போது இந்த இரண்டு இல்லாமையையும் ஒரே ஆளுக்குள் வைத்தார். அந்தப் பிங்க் என்ற பாத்திரத்தின் குழந்தைப் பருவம் வாட்டர்ஸுடையது. வளர்ந்த பிறகு ஓட்டல் அறையில் தொலைக்காட்சி முன் உறைந்து உட்கார்ந்திருப்பவன் பெரும்பாலும் சிட். ‘நோபடி ஹோம்’ பாட்டில் வரும் சுருட்டை முடியும், செருப்பு கழலாமல் இருக்கக் கட்டிய ரப்பர் பேண்டும் சிட்டுடைய பழைய நாட்கள் என்று அவரைத் தெரிந்தவர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அதை வைத்து 1982-இல் வந்த படத்தில் பிங்காக நடித்த பாப் கெல்டாஃப் புருவத்தை மழித்துக்கொண்டு வந்து நிற்கும் காட்சியைப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

1975 ஜூன் மாதம். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ‘விஷ் யூ வேர் ஹியர்’ வேலை நடக்கிறது. குண்டாக, மொட்டைத் தலையோடு, புருவமும் மழித்த ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். யாரோ ஸ்டூடியோ ஆள் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் என்று தெரிகிறது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார். எந்த நண்பனுக்காகப் பாட்டு செய்துகொண்டிருந்தார்களோ அவன் பக்கத்தில் வந்து நிற்கும்போது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நாம் கற்பனையாக எழுதினால்கூட இப்படி எழுதத் தயங்குவோம்.

அதற்கு முன்னால், 1973-இல் வந்த ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில், ‘பிரெயின் டேமேஜ்’ பாட்டிலும் சிட் இருக்கிறார். குழு ஒரு மெட்டு வாசிக்க நீ ஒரு மெட்டில் நிற்கும் நாள் வந்தால், என்று ஒரு இடம் வரும். கச்சேரியில் அப்படி ஒருவன் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்தான் அதை எழுத முடியும்.

வியாபாரத்தைப் பற்றிய அந்த இரண்டு பாட்டையும் நான் தனியாகப் பிரிக்கமாட்டேன். ‘டார்க் சைட்’ உலகம் முழுக்க விற்ற பிறகு, நாலு பேரும் ஸ்டூடியோவுக்கு வருவார்கள், ஆனால் மனசு அங்கே இருக்காது. இருந்தும் இல்லாமல் இருப்பது தங்களுக்கே நடக்கும்போது, அது முதலில் நடந்த ஆளின் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? ஆல்பத்தின் நடுவில் அந்தக் கோபத்தை வைத்து, ‘ஷைன் ஆன்’ பாட்டை இரண்டாக வெட்டி முன்னாலும் பின்னாலும் வைத்தார்கள். 26 நிமிடப் பாட்டு. வெட்டுவது கில்மோருக்குப் பிடிக்கவில்லை, வாட்டர்ஸ் சொன்னதுதான் நின்றது. என் காதுக்கு அது சரியான முடிவு.

அரவிந்தன், இன்னொன்று. ஆல்பத்தின் கடைசி நிமிடத்தை ஹெட்போனில் கேளுங்கள். எல்லாம் மங்கிக்கொண்டே போகும்போது குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட் சிந்தசைஸரில் ‘சீ எமிலி ப்ளே’ பாட்டின் மெட்டில் ஒரு துளியை வாசிக்கிறார். 1967-இல் சிட் எழுதி ஹிட்டான பாட்டு. வரியில் எங்கும் பெயர் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று விட்டிருக்கிறார்.

அரவிந்தன்_கோவை எழுதியது:

அண்ணா, இப்போதுதான் கேட்டேன். ஒலியை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டால் இருக்கிறது. மூன்று மாதமாக அந்த இடம் வருவதற்குள் அடுத்த ஆல்பத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பாட்டில் உருகினார்கள், சரி. ஆளுக்கு ஏதாவது செய்தார்களா?

மலைக்கோட்டை_கிடார் எழுதியது:

செய்தார்கள் தம்பி. 1970-இல் சிட்டின் இரண்டு தனி ஆல்பங்கள் வந்தன. முதலாவதைப் பாதியிலிருந்து கில்மோரும் வாட்டர்ஸும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். இரண்டாவதைக் கில்மோரும் ரைட்டும். அந்த வருடம் லண்டன் ஒலிம்பியாவில் சிட் மேடை ஏறியபோது கில்மோர்தான் பின்னால் பேஸ் கிடார் வாசித்தார். நாலு பாட்டு முடிந்ததும் சிட் கிடாரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, படம் வரைந்துகொண்டு, தோட்டம் பார்த்துக்கொண்டு இருந்தார். தங்கை ரோஸ்மேரி பார்த்துக்கொண்டார். அவருக்குச் சேர வேண்டிய ராயல்டி ஒழுங்காகப் போகிறதா என்று கில்மோர் கவனித்துக்கொண்டார். 1994 கச்சேரிகளில் சிட்டின் பழைய பாட்டைத் திரும்ப வாசித்தார்கள், 2001-இல் வந்த தொகுப்பு ஆல்பத்திலும் அவர் பாட்டுகளைச் சேர்த்தார்கள். அதனால் அவருக்கு நல்ல பணம் போயிருக்கும். 2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்தபோது வாட்டர்ஸ் மேடையிலேயே சிட் பெயரைச் சொன்னார். அடுத்த ஜூலையில், 2006-இல், சிட் இறந்துபோனார். வயது 60.

போய்ப் பார்ப்பதைத்தான் அவர்கள் அதிகம் செய்யவில்லை. பழைய நாட்கள் நினைவுக்கு வந்தால் அவர் மனம் கலங்குகிறது, வரவேண்டாம் என்று குடும்பத்தில் கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

சுமதி_செவிலியர் எழுதியது:

அண்ணா, உங்கள் கீபோர்டு நண்பர் இப்போது எப்படி இருக்கிறார்? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

மலைக்கோட்டை_கிடார் எழுதியது:

அக்கா வீட்டில் இருக்கிறான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். ஆறு வருடமாகத்தான் நான் போய்வருகிறேன், அதற்கு முன் போகும் தைரியம் வரவில்லை. போன தீபாவளிக்குப் போனபோது என் போனில் ‘ஷைன் ஆன்’ போட்டேன். அது யார் பாட்டு, யாருக்காக என்று எதுவும் சொல்லவில்லை. அவன் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். நாலு ஸ்வரம் வந்தது. “தைவதம் பெருசா போடுறான்டா” என்றான். இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். வைத்தேன்.